சந்தைக்கு வழி

தில்லியில் தை மாதம் பெரும்பாலும் மூடுபனியோடுதான் பிறக்கும். பொங்கல் நாளில் இங்குள்ள நடுவண் அரசு அலுவலகங்களுக்குப் பொது விடுமுறை கிடையாது. வேண்டுவோர் விருப்ப விடுமுறை எடுத்துக்கொள்ளலாம். ஆகையால் எங்கள் பகுதியின் பொங்கல் சந்தை, பொங்கலை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் கூடுவது வழக்கம். கரும்புக் கட்டும், மஞ்சள் கொத்தும், வாழையிலையும், வீட்டில் இடித்த இட்லிப் பொடியும், ஒரு மூலையில் பழைய தமிழ் நூல்களும் அங்கே விற்பனைக்கு இருக்கும். வாங்க வருபவரைவிட, பேச வருபவரே மிகுதி. சென்னையிலிருந்து 2000 கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் நமக்கு, ஒரு நாள் முழுதும் தமிழோசையின் நடுவே நிற்பதே பெரும் பண்டிகை அன்றோ!

முன்னாளில் இச்சந்தைக்கு விளம்பரம் தேவைப்பட்டதில்லை. அரசுக் குடியிருப்பின் ஒரு மாடியிலிருந்து எதிர் மாடிக்குக் குரல் கொடுத்தால் செய்தி தெருக்கோடி வரை போய்விடும். 2016ஆம் ஆண்டில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நவுரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், சீனிவாசபுரி, முகம்மதுபூர் ஆகிய ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் துவாரகைக்கும் ரோகிணிக்கும் நொய்டாவுக்குமாகப் பிரிந்து போயின. குரல் கொடுக்க எதிர் மாடி இல்லாமற் போயிற்று. அதுவரை வெறும் அலங்காரமாக இருந்த சந்தையின் இணையதளம், அன்று முதல் எங்கள் தெருவாயிற்று.

அத்தளம் பழுதுற்றிருந்தது. அதை அமைத்தவர் பணி ஓய்வுக்குப் பின் தாமே முயன்று கணிப்பொறி கற்ற பெரியவர். இன்று நம்மிடையே இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியீட்டு முறைகள் தரப்படுத்தப்பட்டன. அவ்வகைப் பழைய எழுத்துரு ஒன்றில்தான் அவர் எல்லாவற்றையும் தட்டெழுதியிருந்தார். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. கைபேசிகளும் அதனையே அறிந்தவை. எனவே அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியவை, இன்றைய கைபேசித் திரையில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றின.

தளத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு எங்கள் நால்வரிடம் வந்தது. பொறியியல் படிக்கும் ஒரு பெண் நிரல் எழுத, நாங்கள் மூவரும் யோசனைகளை வாரி வழங்கினோம். பொங்கல் பானை பொங்கி வழிவதுபோல் அசையும் படம். செம்மண் நிறத்தின் மேல் மஞ்சள் எழுத்து. வண்ண அழைப்பிதழை அப்படியே படமாக ஒட்டிய முகப்பு. எங்களுக்கு ஒரே பெருமிதம்.

வெளியிடுமுன் ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, "சந்தை என்று, எங்கே, எப்படிப் போவது?" என்று மட்டும் கேட்டோம். ஒருவருக்குப் படம் இறங்கவே நெடுநேரமாயிற்று. மற்றொருவர் அழைப்பிதழை விரல்களால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளி அலுத்தார். எண்பதைக் கடந்த ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. எந்த மெட்ரோ நிலையத்தில் இறங்குவது என்று போட்டிருக்கிறீர்களா?" என்றார். நாங்கள் போடவில்லை.

ஐந்தாமவர் பார்வையற்றவர், திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் செயலியின் துணையோடு கைபேசியைப் பயன்படுத்துபவர். எங்கள் முகப்பைத் திறந்தார். கைபேசி "படம்" என்று ஒரு சொல் சொல்லி நின்றுவிட்டது. "பரவாயில்லை சார், யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன்" என்று அவர் புன்னகையோடு சொன்னார். அப்புன்னகை எங்களைச் சுட்டது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இலேயே வெளிவந்தவை. படத்துக்கு மாற்றாக எழுத்தில் விளக்கம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அலுவலகக் கோப்பில் அதைப் படித்துக் கையொப்பமிட்டு அடுத்த மேசைக்கு அனுப்பியவர்களே நாங்கள். நம் வீட்டு விழாவுக்கு அது பொருந்தும் என்று மட்டும் ஏனோ தோன்றவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். நாள், நேரம், இடம், மெட்ரோ நிலையம், எந்த வாயிலில் வெளியேறி எப்பக்கம் நடப்பது, வழி தவறினால் யாரை அழைப்பது ஆகியவை முகப்பின் தலைப்பிலேயே எழுத்துகளாக ஏறின. அசையும் பானை போயிற்று. படங்கள் சுருங்கின, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் சேர்ந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகளாவிய அணுகல் நெறி. செம்மண்ணும் மஞ்சளும் அச்சோதனையில் தோற்று, வெள்ளையும் கருப்பும் வந்தன.

மொழியைப் பற்றி ஒரு பூசல் எழுந்தது. தமிழ்ச் சந்தையின் தளத்தில் இந்தியும் ஆங்கிலமும் எதற்கு என்று சிலர் வெகுண்டனர். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் இங்கே வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவர். வாயிலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பினால், உள்ளே வந்து தமிழ் கற்பது எப்போது? தமிழ் மேலே, மற்றவை அதன் கீழே என்று முடிவாயிற்று.

எஞ்சியவை அப்பெரியவரின் பழைய பக்கங்கள். யாரும் படிப்பதில்லை, நீக்கிவிடலாம் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்தோம். பழைய எழுத்துருவில் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி எழுத்துக்கு முன்னே பதிவாகும். ஒருங்குறியில் மெய்யெழுத்துக்குப் பின்னே பதிவாகும். மாற்று நிரல் பெரும்பாலும் சரியாகவே செய்தது. தட்டச்சுப் பிழையுள்ள இடங்களில் கொம்பு அடுத்த எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தியபோது பெயர்கள் தெளிந்தன: அடுப்புப் பற்ற வைத்தவர், நாற்காலி சுமந்தவர், கடைசியில் நின்று குப்பை கூட்டியவர். அவர்களுள் பலர் ஊர் திரும்பிவிட்டனர். சிலர் உலகையே நீத்தனர். அந்தத் தெருக்கள் இடிந்த பின், அவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு அப்பட்டியலைத் தவிர வேறு சான்று எங்களிடம் இல்லை. பன்னிரண்டு இரவுகள் விழித்திருந்து அத்தனை பக்கங்களையும் மாற்றி முடித்தோம்.

சந்தை நாளன்று பனி விலகாத காலையில், அந்தப் பார்வையற்ற நண்பர் ஒருவர் துணையுமின்றி வந்து சேர்ந்தார். "இரண்டாம் வாயில், இடப்பக்கம், நூறு அடி. சரியாகத்தான் சொல்லிற்று" என்றார். அவர் கையில் ஒரு கரும்புத் துண்டைக் கொடுத்தோம்.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய சந்தைப் படங்கள் இருப்பின், அவற்றில் நிற்போர் பெயர்களோடு அனுப்பி உதவுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவற்றை எழுதி வைத்துவிடுவோம்.