சிற்றுயிரும் சிந்தனைக்கு உரியதே

மெய்யறிவை நாடுவோர் விண்ணை நோக்குதல் இயல்பு. பண்டைக் கிரேக்க அறிஞரும் உலகம் நீரால் ஆயதோ, நெருப்பால் ஆயதோ என்று வினவினர். விண்மீன்களின் இயக்கத்தை எண்ணி வியந்தனர். ஆயின், சேற்றில் கிடக்கும் நத்தையும் கரையில் ஒதுங்கும் கணவாயும் அறிஞன் ஆராயத்தக்க பொருள்களோ? 'ஆம்' என்று உரைத்தவர் அரிஸ்டாட்டில்.

இழிந்த உயிர்களை ஆராய்வதற்குக் கூசிய மாணவர்க்கு அவர் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் கூறினார். எராக்ளிட்டசு என்னும் அறிஞரைக் காண வந்தோர், அவர் அடுப்பருகே குளிர்காய்வதைக் கண்டு தயங்கி நின்றனராம். இவ்விடத்தும் தெய்வங்கள் உள, தயங்காது வருக என்று அவர் அழைத்தாராம். எவ்வுயிரை ஆராயினும் அங்கே இயற்கையின் அழகு உண்டு என்பதே அரிஸ்டாட்டில் உணர்த்திய பாடம்.

கி.மு. 384இல் மருத்துவர் ஒருவரின் மைந்தராகப் பிறந்த அவர், பிளேட்டோவின் கல்விக்கழகத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பயின்றார். ஆசான் மறைந்தபின் ஏதென்சை விட்டகன்று, லெஸ்போஸ் தீவில் சில காலம் தங்கினார். அத்தீவின் பிர்ரா உப்பங்கழியில் வாழும் உயிர்களை அவருடைய நூல்கள் பலகாலும் குறிப்பிடுகின்றன. மீனவரிடமும் வேட்டுவரிடமும் தேனீ வளர்ப்போரிடமும் அவர் கேட்டறிந்தார். அடைகாக்கும் முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துக் கருவின் வளர்ச்சியைக் கண்டார்; மூன்று நாள் கடந்த அளவில் குருதித்துளி போல் இதயம் துடிப்பதைக் குறித்தார். இவ்வாறு அவர் குறிப்பிட்ட உயிரினங்கள் ஏறத்தாழ 500.

கண்டதைத் தொகுத்தலோடு அவர் அமையவில்லை, காரணமும் தேடினார். கருப்பையில் உடல் முறுக்குண்டு ஒடிந்தமையால்தான் முதுகெலும்பு பல துண்டுகளாக அமைந்தது என்றார் எம்பெடோக்ளிசு. அரிஸ்டாட்டில் அதனை ஏற்கவில்லை. செங்கல்லை மட்டும் கூறினால் வீட்டை விளக்கியதாகாது. வாழ்வதற்கென எழுந்தது வீடு. அவ்வாறே, ஓர் உறுப்பு எதனால் ஆயது, எவ்வடிவினது, எது அதனை ஆக்கியது என்பவற்றுடன், எதன் பொருட்டு அமைந்தது என்றும் வினவ வேண்டும் என்றார்.

சுறா வகை ஒன்றின் குட்டி, பாலூட்டிகளின் கருவைப் போலவே கொடியால் தாயின் கருப்பையோடு இணைந்துள்ளது என்று அவர் எழுதினார். நெடுங்காலம் ஐயுறப்பட்ட அக்கூற்றை 1842இல் செருமானிய அறிஞர் யோகான்னசு முல்லர் உண்மையென நிறுவினார். ஆயினும், ஆடவரினும் மகளிர்க்குப் பற்கள் குறைவு என்றும், விலாங்கு மண்ணிலிருந்து தோன்றுகிறது என்றும் எழுதியவரும் அவரே. கண்கொண்டு நோக்கிய இடத்தில் ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவர் சொல் நின்றது. எளிதில் எண்ணிப் பார்க்கத்தக்க பல்லில் அது பிழைத்தது.

இப்பிழைகளைத் திருத்தும் வழியையும் அவரே விட்டுச் சென்றார். தேனீக்களின் பிறப்பைப் பற்றி விரிவாக எழுதியபின், உண்மைகள் இன்னும் போதிய அளவு அறியப்படவில்லை என்றார். அவை அறியப்படும் நாளில் கொள்கையினும் காட்சியையே நம்புக, காட்சியோடு பொருந்தினாலன்றிக் கொள்கையை ஏலாதீர் என்றும் எழுதினார். பின்வந்தோர் பலர் அவர் முடிவுகளையே மறையெனப் போற்றி மனப்பாடம் செய்தனர், அந்நெறியையோ மறந்தனர். ஆசானின் சொல்லை ஒப்புவிப்பவனைக் காட்டிலும், அதனைச் சோதித்துப் பார்ப்பவனே அவருக்கு உற்ற மாணவன்.