பாடாமல் விட்ட பன்னிரண்டு வருஷம்

இன்று பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் வீடு மாற்றும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடிக்களை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். முழங்கால் வலியால் நடைப்பயிற்சி நின்றுபோன இந்த இரண்டு மாதமாக, மத்தியான வேளையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறேன். பாதி எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்று மட்டும் மனதில் நின்றுவிட்டது. ஜான் ஃபோகர்ட்டி என்ற அமெரிக்கப் பாடகர் மேடையில் பாடியதைப் பதிவு செய்த 'ப்ரிமொனிஷன்' என்ற ஆல்பம். 1998ல் வந்தது. மொத்தம் 18 பாட்டு.

நான் இடைநிலை ஆசிரியன். என் ஆங்கிலம் ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தோடு சரி. பாட்டின் வரிகள் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் ஒரு பிடிவாதம் இருந்தது. அறுவடைக் களத்தில் தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடுவது மாதிரி அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். கூடவே கிடார், டிரம், கூட்டத்தின் சத்தம். பழைய பாட்டு ஒன்றின் முதல் இசை கேட்டதும் அந்தக் கூட்டம் எழுப்புகிற ஆரவாரத்தைக் கேளுங்கள். ரொம்ப நாள் கழித்து வீடு திரும்பிய ஆளை வாசலில் பார்த்த சத்தம் அது.

ஏன் இவ்வளவு ஆரவாரம் என்று பேரனிடம் கேட்டேன். அவன்தான் தேடிப் படித்து எனக்குச் சொன்னான். பிறகு நானும் உட்கார்ந்து படித்தேன்.

ஃபோகர்ட்டி 1945ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். அண்ணன் டாம், பள்ளித் தோழர்கள் இருவர், இவர் என்று நால்வர் சேர்ந்து 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்ற குழுவை நடத்தினார்கள். 1969, 70ல் அமெரிக்கா முழுக்க அவர்கள் பாட்டுதான். லூசியானாவின் சதுப்பு நிலத்தையும் மிசிசிப்பி ஆற்றுப் படகையும் பற்றி, அந்த ஊரிலேயே பிறந்தவர் மாதிரி எழுதினார். 'ப்ரௌட் மேரி' என்ற படகுப் பாட்டு பிறந்தது, ராணுவப் பணியிலிருந்து விடுபட்ட கடிதம் கைக்கு வந்த சந்தோஷத்தில்.

1972ல் குழு கலைந்தது. பாட்டுகளின் உரிமை இசைக் கம்பெனியிடம் போய்விட்டது. ஒப்பந்தத்திலிருந்து வெளியே வருவதற்காகத் தனக்கு வரவேண்டிய ராயல்டியையும் விட்டுக்கொடுத்தார். அதோடு, 'நான் பாடினால் பணம் அவர்களுக்குத்தானே போகும்' என்று தன் பழைய பாட்டுகளை மேடையில் பாடுவதையே நிறுத்திவிட்டார்.

கூத்து இதோடு முடியவில்லை. 1985ல் அவர் புதிதாக ஒரு பாட்டு போட, 'இது எங்களிடம் இருக்கிற உன் பழைய பாட்டின் காப்பி' என்று அதே கம்பெனி வழக்குப் போட்டது. தன்னைத் தானே காப்பியடித்ததாகக் குற்றச்சாட்டு! 1988ல் சாட்சிக் கூண்டில் கிடாரோடு உட்கார்ந்து, நான் பாட்டுக் கட்டுகிற விதமே இதுதான் என்று நடுவர்களுக்கு வாசித்துக் காட்டி ஜெயித்தார். வழக்குச் செலவுக்கான சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 1994ல் அதிலும் அவர் பக்கமே தீர்ப்பு வந்தது.

இங்கே நிறுத்தி என் கதைக்கு வருகிறேன். அவர் அளவுக்கு நான் பெரிய ஆளில்லை. ஆனால் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1994ல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏறவே இல்லை. கும்மி மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினேன். பிள்ளைகள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடினார்கள். ஒரே வாரத்தில் வாய்ப்பாடு வந்துவிட்டது. பிறகு எட்டுக்கு, ஒன்பதுக்கு, அளவைகளுக்கு என்று பதினோரு பாட்டு ஆயிற்று. ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் கேட்டான் என்று நோட்டையே கொடுத்தேன். 1999ல் அவை ஒரு சிறு புத்தகமாக வந்தன. அட்டையில் அவன் பெயர். உள்ளேயும் என் பெயர் எங்கும் இல்லை.

நான் சண்டை போடவில்லை. யாரிடமும் முறையிடவில்லை. வகுப்பில் பாடுவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். 'பாடினால் அவன் பாட்டைப் பாடுகிறேன் என்பார்கள்' என்று ஒரு வீம்பு. வீட்டில் அவள் மட்டும் ஒருமுறை, "யாரு மேல கோபமோ அவரோட பேசாம இருங்க. பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷம். வருஷத்துக்கு முப்பது பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்க்கக் கணக்கு வாத்தியாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃபோகர்ட்டியை மாற்றியவை சில சம்பவங்கள். 1987ல் ஒரு சின்ன இசைக் கூடத்தில் பாப் டிலன் அவரிடம், நீ பாடாமல் இருந்தால் 'ப்ரௌட் மேரி' டினா டர்னர் பாட்டு என்றே உலகம் நினைத்துக்கொள்ளும் என்று சொன்னாராம். அதே வருஷம் ஜூலை 4ல், வாஷிங்டனுக்கு அருகில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான நிகழ்ச்சியில், அவர்களுக்காக அந்தப் பாட்டுகளைப் பாடினார். 1990ல் மிசிசிப்பியில் ராபர்ட் ஜான்சன் என்ற பழைய ப்ளூஸ் பாடகரின் கல்லறையைத் தேடிப் போனார். இவர் பாட்டுகளின் உரிமை எந்த வக்கீலின் அலமாரியில் இருந்தால் என்ன, உலகத்துக்கு இவை ராபர்ட் ஜான்சன் பாட்டுதானே என்று அங்கே நின்றபோது அவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படியானால் என் பாட்டும் என்னுடையதுதான் என்று தெளிந்திருக்கிறார். 1997 டிசம்பரில் பர்பாங்கில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் ரசிகர்களை உட்காரவைத்துப் பாடியதுதான் நான் கேட்ட இந்த ஆல்பம். அப்போது அவருக்கு வயது 52.

என்னை மாற்றியது ஒரு சிறுமி. 2011ல் மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். எழுந்து நின்று, கைதட்டி, என் மெட்டிலேயே பாடினாள்.

"யாரு பாப்பா சொல்லிக்குடுத்தா?"

"எங்கம்மா சார்."

"அம்மாவுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான் சார்!"

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, கொஞ்ச நேரம் எதையோ அழிப்பது போல நின்றேன். அன்று மத்தியானமே வட்டம் கட்டிப் பாடினோம். 2015ல் ஓய்வு பெறும்வரை விடவில்லை.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. ஃபோகர்ட்டியின் அண்ணன் டாம் அந்தத் தகராறில் கம்பெனி பக்கம் நின்றவர். 1990ல் இறந்துபோனார். அதற்குள் அண்ணன் தம்பி மனஸ்தாபம் முழுசாகத் தீரவில்லை. 2023ல் பாட்டுகளின் பெரும்பங்கு உரிமையே ஃபோகர்ட்டி கைக்கு வந்துவிட்டது, 77 வயதில். அண்ணன் வரவில்லை.

போன வாரம் என் நண்பனுக்கு போன் போட்டேன். எண்ணைப் பேரன்தான் தேடிக் கொடுத்தான். குரலைக் கேட்டதும், "டேய், நீயா!" என்றான். சர்க்கரை, கண் ஆபரேஷன், பேத்தி கல்யாணம் என்று அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் நானே புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"எந்தப் புத்தகம்டா?" என்றான்.

நிஜமாகவே மறந்தானா, மறந்த மாதிரி பேசினானா, தெரியவில்லை. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு சிரிப்புதான் வந்தது. அவன் மறந்துபோன ஒன்றுக்காக நான் பன்னிரண்டு வகுப்புகளைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

1999க்கும் 2011க்கும் நடுவில் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். இப்போது உங்களுக்கே பிள்ளைகள் இருக்கும். பதினோரு பாட்டையும் போனில் பாடிப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். குரல் முன்னே மாதிரி இல்லை, மூச்சு வாங்குகிறது. ஏழாம் வாய்ப்பாடு முடிந்துவிட்டது. கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

நோட்டில் பாட்டோ கதையோ எழுதிப் பூட்டி வைத்திருக்கும் ஆசிரியர்களும் இருப்பீர்கள். நாளைக்கு வகுப்பில் எடுத்துப் பாடிவிடுங்கள். அட்டையில் யார் பெயர் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.