சிடாம் கிரியில் சூடு ஆறாத காடி

மலாயில் கிரி என்றால் இடது, கானான் என்றால் வலது. சிடாம் கிரி கோல மூடா மாவட்டத்தில் இருக்கிறது. சிடாம் கானான் பக்கத்துக் கூலிம் மாவட்டத்தில். ஒரு காலத்தில் கித்தா மரம் நின்ற இடங்களில் இப்போது செம்பனை. வானம் தெளிந்தால் 1,217 மீட்டர் ஜெராய் மலை தெரியும். பார்க்க அழகான ஊர்தான், ஆனால் காடி இல்லாமல் காலம் தள்ளுவது சிரமம்.

என் மாமாவுக்கு வாரம் மூன்று நாள் சுங்கைப் பட்டாணியில் டயாலிசிஸ். கொண்டுபோய்க் கூட்டிவருவது முப்பது வயது தாண்டிய என் காடி. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். திரும்பும் வழியில் மருந்துக்கோ காய்கறிக்கோ நிறுத்தினால், 'டக்' என்று ஒரே சத்தம். அவ்வளவுதான். அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். களைத்துப்போன மனிதரை நடு வெயிலில் எத்தனை முறை உட்கார வைப்பது?

பேட்டரியை மாற்றச் சொல்லாதவர் இல்லை. தோட்டத்து டிராக்டர்களோடு பழகிய பட்டறைக்காரர் மட்டும், "ஆறவுட்டுக் கொண்டாராதீங்க தம்பி, சூட்டோட கொண்டாங்க" என்றார்.

முன்விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு மங்கினால் பேட்டரி, அதன் முனைகள், எர்த் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமாம். மங்கவில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, சொலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயரில் மீட்டரை வைத்தார். பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல், இங்கே 8தான். மீதி, தேய்ந்த சாவி சுவிட்சிலும் பழைய ஒயரிலும் தொலைந்துபோயிருந்தது.

குளிரில் அந்த எட்டே போதும். ஸ்டார்ட்டர் புகைக்குழாயை ஒட்டி இருக்கிறது. வண்டி நின்றதும் காற்றோட்டமும் நின்று, சூடெல்லாம் அதில் ஏறுகிறது. செம்புக் கம்பி 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் மின்தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். சொலினாய்டு அசையும், முழுதாக இழுக்காது. அதுதான் அந்த 'டக்'.

பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர், நடுவில் ஃபியூஸ், ஒரு ரிலே. சாவி இனி ரிலேயை மட்டும் இயக்கினால் போதும். பிறகும் முரண்டு பிடித்தால் ஸ்டார்ட்டரைக் கழற்றி கார்பன் பிரஷ் பார்க்கலாம் என்றார். இன்னும் கழற்றவில்லை.

மாமா இப்போது பாதி வழியில் ஒட்டுக்கடையில் நிறுத்தச் சொல்கிறார். தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டியவர். தே தாரிக் அரை கிளாஸ்தான்.