பனையால விழுந்த காயம்

பதிவு கொஞ்சம் நீளம். அந்த அண்ணையிடம் சம்மதம் கேட்டு, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் வேலணையில் படிப்பிக்கிறோம். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு தவணை முழுக்கப் பிந்தியே வந்தாள். கேட்டால் தலையைக் குனிவாள். தகப்பனின் தொடைப் புண்ணைக் கழுவி மருந்து கட்டிவிட்டுத்தான் வெளிக்கிடுகிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் முன்னாள் போராளி. 2008இல் வன்னியில், பதுங்குகுழிக்குள் மிகக் கிட்ட வெடித்த கைக்குண்டு. காயம் அப்போதே ஆறிவிட்டது. இப்போது இத்தனை வருடம் கழித்து அதே இடத்தில் சீழ்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. போன இடத்தில் வரிசையில் வைத்தே, எல்லோர் காதிலும் விழ, "என்னண்டு வந்த காயம்?" என்று கேட்டிருக்கிறார்கள். "பனையால விழுந்தது" என்றிருக்கிறார். அதற்குரிய குளிசை கிடைத்தது. தந்தவர்களில் முழுப்பிழை சொல்லவும் முடியாது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலுதவி படிப்பித்தார்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வைத்தியர்களிடம் கேட்டு அறிந்தது இது: உடம்பில் ஏறிய சிதறல் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. நரம்புக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருப்பதைத் தோண்டினால் கேடு கூட என்று விட்டுவிடுவார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் எலும்புக்குள் தங்கிய கிருமி வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு எழும்பும். மூட்டுக்குள் ஈயத்துண்டு இருந்தால் ஈயம் மெல்ல இரத்தத்தில் கலக்கலாம். இரும்புத்துண்டு உள்ளவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் விட்டால் காந்தம் அதை இழுக்கக்கூடும்.

நாங்கள் கூடப் போன அன்று அவருடைய முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருந்தது. எழுதியவருக்குப் பனைமரக் கதைதானே தெரியும்! வைத்தியரிடம் தனியாகக் கதைக்க அனுமதி கேட்டு, கதவைச் சாத்திவிட்டு, அண்ணையைச் சொல்ல வைத்தோம். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏழு துண்டுகள். இரண்டு முள்ளந்தண்டோடு ஒட்டினாற்போல. எம்.ஆர்.ஐ.யை நிறுத்தி சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். தொடை எலும்பில் கிருமி என்று ஆறு வார மருந்து தொடங்கியது.

காயப்பட்ட படையினருக்கு ராகமையில் ரணவிரு செவன இருக்கிறது, அத்திட்டியவில் மிஹிந்து செத் மெதுர இருக்கிறது. அவர்களுக்கும் வலி வலிதான், ஆனால் எப்படிக் காயப்பட்டாய் என்ற கேள்விக்கு அவர்கள் பொய் சொல்லத் தேவையில்லை. 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முடித்து வெளியே வந்த சுமார் 12,000 பேருக்கும் அப்படியில்லை. கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிறுவனம் இருப்பது பெரிய ஆறுதல். செயற்கைக்காலும் ஒருமுறை போட்டால் முடிகிற விசயமில்லை. தேயும், மிச்சக்கால் மெலிய மெலியக் குழி பொருந்தாது, திரும்பத் திரும்பப் போகவேண்டும். துண்டை உள்ளே வைத்துக்கொண்டு முழு ஆளாய் நடமாடுபவரை யார் கூப்பிடுவது?

இனி எங்கள் வீட்டுக் கதை. வாப்பா சோனகதெருக்காரர். 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்டவர். நாங்கள் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். கிளினிக்கில் போய் நின்றதைக் கேள்விப்பட்டதும், "எங்கட வீட்டுத் திறப்பை வாங்கின ஆக்களுக்கா நீங்க காவல் நிக்கிறியள்?" என்றார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. அந்த அண்ணை 1990இல் சின்னப் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வாப்பாவின் திறப்பு திரும்பி வந்துவிடுமா? இரண்டு கிழமை கழித்துச் சாப்பிடும்போது, "சீழ் நிண்டிட்டுதா?" என்று மட்டும் கேட்டார்.

நிற்கத் தொடங்கியிருக்கிறது.

பிள்ளை ஓர் அப்பியாசக் கொப்பியில் தகப்பன் சொல்லச் சொல்ல எல்லாம் எழுதியிருக்கிறாள். எந்த வருடம், எந்த இடம், எத்தனை சத்திரசிகிச்சை, எந்தக் குளிசை ஒத்துவராது. இனி அவர் வரிசையில் வாய் திறக்கத் தேவையில்லை, கொப்பியை நீட்டினால் போதும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு கொப்பி போடுங்கள். எக்ஸ்ரே படத்தைப் போனில் எடுத்து வையுங்கள்.

அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்குப் பண்ணைப் பாலம் தாண்டிப் போகிற வாகனத்தில் ஓர் இடம் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அவரால் பஸ்ஸில் நின்றுகொண்டு போக ஏலாது.