காற்றெடுத்தல்

திரவம் நெருக்கத்திற்கு இணங்காது, வாயு இணங்கும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் ஏற்படும் அமுக்கம் எத்திசையிலும் குறைவின்றிப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிய அறிஞர் பாஸ்கால் காட்டினார். மோட்டார் வாகனத்தின் நீரியல் தடுப்பு முழுவதும் இவ்வுண்மையின்மீதே நிற்கின்றது. சாரதியின் பாதம் மிதியில் இடும் விசை, முதன்மை உருளையிலிருந்து ஒல்லியான குழாய்களின் வழியே நான்கு சில்லுகளையும் சென்றடைகின்றது. அக்குழாய்களுள் காற்றுக் குமிழிகள் புகுந்துவிடின், பாதத்தின் உழைப்பு அவற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். மிதி பஞ்சுபோல் அமிழும். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது.

இக்காற்றை அகற்றும் வேலையைப் பட்டறைகளில் 'எயர் எடுத்தல்' என்பர். வழக்கமாக இதனை இருவர் செய்வர். ஒருவர் ஆசனத்திலிருந்து மிதியை அமுக்குவார். மற்றவர் வண்டியின் கீழே கிடந்து, சில்லருகிலுள்ள சிறு திருகைத் திறந்து மூடுவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. "அமுக்கு", "பிடி", "விடு" என்னும் மூன்று சொற்களே அவர்களுக்கிடையிலான மொழி. திருகு மூடப்படுமுன் மேலிருப்பவர் காலை எடுத்துவிட்டால், வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே இழுபடும். காணாத ஒருவரின் சொல்லை நம்பிக் காலை ஊன்றியிருப்பது எளிய காரியமன்று.

கம்பளையில் ஒரு பட்டறையில் நாற்பது ஆண்டுகள் இத்தொழிலைச் செய்த முதியவர் ஒருவர் இருந்தார். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியே இறங்கும் வண்டிகளே அவரிடம் மிகுதியாக வந்தன. தடுப்புத் திரவம் வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. டொட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதித்தலாகாது என்பது நியமம், ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்தபின் அவ்வெல்லை 140 பாகைக்குத் தாழ்ந்துவிடுகின்றது. நெடும் இறக்கத்தில் ஓயாது மிதிக்கப்படும் தடுப்பின் வெம்மையில் பழந்திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியும் வாயுவே. இவற்றையெல்லாம் முதியவர் எண்களால் அறிந்தவரல்லர். தம் பாதத்தால் அறிந்தவர். மிதியில் கால் வைத்தவுடனே, "இன்னும் இருக்கு" என்றோ "போதும்" என்றோ சொல்வார். அத்தீர்ப்பிற்கு மேன்முறையீடு இருந்ததில்லை.

1978ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் பொஷ் நிறுவனத்தின் இலத்திரனியல் ஏ.பி.எஸ். முறை வந்தது. காலப்போக்கில் அத்தகைய முறை சிறிய கார்களுக்கும் பரவி, ஜப்பானிலிருந்து பழையனவாக இறக்கப்பட்ட கார்களோடு மலைநாட்டிற்கும் வந்து சேர்ந்தது. வழுக்கும் தெருவில் சில்லு இறுகி நின்றுவிடாதபடி, அமுக்கத்தை ஒரு செக்கனுக்குட் பல தடவை விட்டுப் பிடிப்பது இதன் வேலை. அதற்கென ஒரு பெட்டியுள் வால்வுகளும் பம்பியும் உள. சாதாரணமாக மிதிக்கும்போது விடுவிப்பு வால்வுகள் மூடியே இருக்கும். அவற்றுக்கு அப்பாலுள்ள அறைகளிற் காற்று தங்கிவிட்டால், எத்தனை முறை எயர் எடுப்பினும் அது அசையாது. மிதியோ கல்லைப்போல் உறுதியாயிருக்கும். ஈரத்தெருவில் முதன்முறை ஏ.பி.எஸ். இயங்கும் அக்கணத்திலேயே வால்வு திறந்து, காற்று வெளிப்பட்டு, மிதி தாழும். கெடுதி வெளிப்படுவதற்கு இதைவிடப் பொல்லாத வேளை வேறில்லை.

முதன்மை உருளை மாற்றப்பட்டபோது திரவத் தாங்கி முற்றாக வற்றிப்போன ஒரு கார் அவரிடம் வந்தது. அவரும், கண்டியில் தொழில்நுட்பம் படித்த அவரது மருமகனும் நான்கு சில்லுகளிலும் எயர் எடுத்தனர். முதியவர் மிதியை அமுக்கிப் பார்த்தார். "போதும்" என்றார்.

"போதாது மாமா. பெட்டிக்குள்ள காத்துப் போயிருக்கும். கம்பியூட்டர் வச்சு வால்வைத் திறந்துதான் எடுக்கணும்."

முதியவர் மறுமொழி சொல்லவில்லை. மீண்டும் ஒருமுறை மிதித்தார். மிதி உறுதியாகவே நின்றது. மாலையில் உரிமையாளர் வந்தார். மறுநாட் காலை குடும்பத்தோடு நுவரெலியா செல்லவேண்டியவர். தாமே ஏறியமர்ந்து மிதித்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்குது ஐயா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு வேற வண்டியில போங்க" என்று கூறிய முதியவர், திறப்பைத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். உரிமையாளர் சினந்தார், கூலி தரமுடியாது என்றார். கூலி கேட்கப்படவுமில்லை. ஆளில்லாத ஈரத்தெருவில் ஓட்டிச் சடுதியாக மிதித்து ஏ.பி.எஸ்.ஸை இயக்கிவிட்டு, திரும்பவும் எயர் எடுக்கும் குறுக்குவழி பட்டறைக்காரர் சிலருக்குத் தெரியும். அந்த மலைத்தெருவில் அதற்கு முதியவர் உடன்படவில்லை.

மறுநாள் நண்பகலில், கண்டியிலிருந்து இரவலாக வந்த சோதனைக் கருவியை மருமகன் பொருத்தினான். முதியவர் மிதியில் அமர்ந்தார். இம்முறை கீழிருந்து மருமகனே சொற்களைச் சொன்னான். பெட்டியுள் பம்பி உறுமியது. பின்சில்லின் திருகிற் செருகியிருந்த கண்ணாடிபோன்ற குழாயிற் சற்றுநேரம் தெளிந்த திரவமே வந்தது. பின்னர், கடுகுமணிகள் கோத்ததுபோலக் குமிழிகள் வரத்தொடங்கின. முதியவர் கால் மெல்ல மெல்லக் கீழே போயிற்று.

"பிடிங்க மாமா" என்றான் அவன்.