நீர்த்தேக்கக் கரையில் குடும்பத்துடன் கூடாரமிடல்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் நீர்க்கரையொன்றில் ஓரிரு இரவுகள் கூடாரமிட்டுத் தங்க எண்ணும் குடும்பம் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, அங்கே கண்ணில் படும் பெரிய நீர்ப்பரப்புகள் பெரும்பாலும் மனிதர் கட்டியவை என்பதாகும். நுவரெலியா நகரின் கிறகரி வாவி, ஆளுநர் சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி உண்டாக்கப்பட்டது. கெஹல்கமு ஓயாவின் குறுக்கே 1965இல் எழுந்த காசல்ரீ அணையும், மஸ்கெலியா ஓயாவின் குறுக்கே 1969இல் எழுந்த மவுஸ்ஸாக்கலை அணையும் மின் உற்பத்திக்காகத் தேயிலைப் பள்ளத்தாக்குகளை நீரால் நிரப்பின. தலவாக்கலையின் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கத்தின் கரை மழைக்கும் மின்தேவைக்கும் ஏற்ப ஏறியும் இறங்கியும் கொண்டிருப்பதால், இங்கே பயணத் திட்டம் நீர் எந்தக் கோடு வரை வரும் என்ற கணிப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. எந்த இடத்திலிருந்து சிவனொளிபாதமலை நன்றாகத் தெரியும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

வறண்ட மாதங்களில் நீர் கீழிறங்கும்போது, நிறைமட்டத்துக்கும் அன்றைய நீர்மட்டத்துக்கும் இடையே பழுப்பு நிறத்தில் அகன்ற வெறுநிலம் வெளிப்படுகிறது. மவுஸ்ஸாக்கலையில் நீர் மிகவும் குறையும் ஆண்டுகளில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் தலைகாட்டுவதும், அவற்றைப் பார்க்க ஊர் திரள்வதும் இந்த நிலப்பரப்பில்தான். புதிதாக வருவோருக்கு இவ்வெறுநிலம் கூடாரத்துக்கென்றே சமன்செய்து வைத்த இடமாகத் தோன்றும். உண்மையில் அது ஓயாக்கள் கொண்டுவந்து படியவைத்த வண்டல். மேற்பரப்பு வெயிலில் காய்ந்து வெடித்திருந்தாலும் ஒரு சாண் கீழே ஈரம் குறையாதிருக்கும், ஆதலால் முளைகள் இறுகா, வேனின் சக்கரம் இறங்கினால் தள்ளி ஏற்றுவதற்கு ஆள் தேட வேண்டிவரும். நீருக்குள் நிலைமை இன்னும் மோசமானது. மலைச்சரிவில் மண் அரிக்காதிருக்க முன்னாளில் கட்டப்பட்ட கல்வரிசைகளும், மழைநீரை வழிநடத்த வெட்டப்பட்ட கான்களும், பழைய பாதைகளின் விளிம்புகளும் அப்படியே நீரடியில் கிடப்பதால், முழங்காலளவு நீரில் நிற்கும் பிள்ளை அடுத்த அடியிலேயே ஆளுயர ஆழத்தில் விழக்கூடும். ஆகையால் நீச்சல் தெரிந்தவர் குடும்பத்தில் இருக்கிறார் என்பதை இங்கே ஒரு காப்பாகக் கருதுவதற்கில்லை. குளிப்பதைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவது நல்லது.

நிறைமட்டக் கோட்டைக் கண்டுபிடிப்பது கடினமானதன்று. சருகும் சுள்ளியும் பிளாஸ்டிக் போத்தல்களும் சரிவில் ஒரே வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் இடமும், புல் தடித்து வளரத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அவ்வரிசைக்கு மேலே, ஓர் ஆளுயரமாவது ஏறி, நீர்வழி எதுவும் குறுக்கிடாத மேட்டில் கூடாரத்தை அமைப்பது பழகியவர்களின் வழக்கம். அணைக்குக் கீழே உள்ள ஆற்றங்கரையை முற்றாகத் தவிர்க்க வேண்டும். மேல் கொத்மலை போன்ற சிறிய தேக்கங்களில், மேலே எங்கோ பெய்த மழையால் வான்கதவுகள், அதாவது மிகைநீரை வெளியேற்றும் கதவுகள், திறக்கப்படும்போது, கீழே மழைத்துளி விழாத இடத்திலும் நீர் சடுதியாக உயர்ந்துவிடும். அதேபோல், வெட்டிய மண்சுவரின் அடியும் செங்குத்தான சரிவின் அடியும் எவ்வளவு காற்றுமறைவாக இருந்தாலும் உறங்கத் தகாதவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிய மண்சரிவைக் கண்ட நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பருவத்தைத் தேர்வதில் ஹற்றன் பக்கத்தையும் நுவரெலியாப் பக்கத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுகளில் நேரே மோதுவதால் அம்மாதங்களில் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலைக் கரைகளை நினைப்பதே வீண். சனவரி முதல் மார்ச் வரையிலான காலம் அங்கே பொதுவாக வறண்டது. ஆனால் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீள்வதால், ஹற்றனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பாதை வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் வாகனங்களால் திணறும். நுவரெலியாவிலோ அதே சனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகுவதுண்டு. ஏப்ரலில் வசந்த விழாக் கூட்டம். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், பெப்ரவரியில் போயாவை ஒட்டாத வாரநாட்களே சிறு பிள்ளைகளுடன் காசல்ரீப் பக்கம் செல்ல மிகவும் ஏற்றவை. மார்ச்சுக்குப் பின் பிற்பகல் இடிமழை வழக்கமாகிவிடுவதால், எந்த நாளாயினும் மூன்று மணிக்குள் கூடாரம் எழுந்திருக்க வேண்டும்.

படுக்கையும் அடுப்பும் கழிவறையும் பொருத்திய வீட்டு வாகனத்தில் குடும்பமாக ஏரிக்கரைக்குப் போகும் பழக்கம் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உறவினர் வழியாக இங்கும் பலருக்குத் தெரிந்ததுதான். விடுமுறைக்கு வரும் அவர்கள் அத்தகைய வாகனம் இங்கே கிடைக்குமா என்று கேட்பதுமுண்டு. கொண்டையூசி வளைவுகளும், எதிரே பஸ் வந்தால் ஒருவர் பின்வாங்கியே ஆக வேண்டிய தோட்டப் பாதைகளும் நிறைந்த இந்நிலத்துக்கு அது பொருந்தாது. இருக்கைகள் சிலவற்றைக் கழற்றி, முதியவர் ஒருவர் நீட்டிப் படுக்க இடம் செய்த வேனே போதுமானது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் ஏறிய கியரிலேயே இறங்கத் தெரிந்த சாரதி அமைவது வாகனத்தின் வசதியைவிட முக்கியமானது. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 சனவரியில் ஏழு உயிர்களைக் குடித்த விபத்து மலையகத்தார் மறக்கக்கூடியதல்ல.

கரையில் ஆளில்லாத நிலம் என்று ஒன்று இல்லை. நீர்த்தேக்கம் அரச மின்துறையின் பொறுப்பிலும், அதையொட்டிய சரிவு பெரும்பாலும் ஏதேனும் ஒரு தோட்டத்தின் பொறுப்பிலும் இருப்பதால், இன்றும் துரை என்றே அழைக்கப்படும் தோட்ட முகாமையாளரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அனுமதி கிடைத்த பின்னும் அந்நிலத்தில் வாழ்பவர்களை மறந்துவிடலாகாது. விடியலில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் ஏறும் குறுக்குப் பாதையையும், மலையூற்று நீர் குழாய்வழி விழும் பீலியையும் மறித்துக் கூடாரமிடுவது, ஒருவருடைய வாசலில் பாய் விரிப்பதற்குச் சமம். லயத்தில் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தால், எந்த மேட்டில் இரவில் காற்று அடிக்கும், எந்தப் பள்ளத்தில் அட்டை மிகுதி, எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பவற்றை அங்குள்ளோர் சொல்லிவிடுவார்கள். எந்த வரைபடத்திலும் இவ்விவரம் கிடையாது.

குடிநீரில் பலர் செய்யும் கணக்கு தவறானது. தேயிலை மலைக்குள்ளால் இறங்கிவரும் ஓடை எவ்வளவு தெளிந்திருந்தாலும் உரமும் களைகொல்லியும் அதில் கலந்திருக்கக்கூடும்; கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகுமேயன்றி இரசாயனம் அகலாது. எனவே குடிக்கவும் சமைக்கவும் நீரை ஊரிலிருந்தே கொண்டுவர வேண்டும். சமையலிலும் உயரத்தின் விளைவு உண்டு: ஏறத்தாழ 1870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், பருப்பும் கடலையும் திறந்த சட்டியில் எளிதில் வேகமாட்டா, பிரஷர் குக்கர் இல்லாத கூடாரத்தில் ரொட்டியும் கட்டச்சம்பலும் புத்திசாலித்தனமான இராச்சாப்பாடு. விறகுக்கு, பிடுங்கிப்போட்ட முதிய தேயிலைக் கட்டையைத் தோட்டத்தில் கேட்டு வாங்கலாம். அது மெதுவாக எரிந்து நெடுநேரம் தணல் தாங்கும். குளிர்காற்று கனமானது, இரவில் சரிவுவழி இறங்கி நீர்விளிம்பில் தேங்கும். ஆகவே மேட்டில் கூடாரமிட்டோர் வெள்ளத்திலிருந்து மட்டுமன்றிக் குளிரிலிருந்தும் ஓரளவு தப்புகிறார்கள். போர்வையை அடுக்குவதைவிட அடியில் படங்கும் சாக்கும் தடித்த பாயும் விரிப்பதே பயன் தரும், ஏனெனில் உடற்சூட்டை அதிகமாக உறிஞ்சுவது நிலம்.

கழிப்பிடத்துக்கு எங்கே குழி வெட்டுவது என்பதைப் புறப்படுமுன்பே, பிள்ளைகள் முன்னிலையில், கூச்சமின்றிப் பேசி முடிவு செய்ய வேண்டும். குழி நிறைமட்டக் கோட்டிலிருந்து குறைந்தது அறுபது மீற்றர் தள்ளியும், பீலிகளுக்கும் ஓடைகளுக்கும் எட்டாமலும் அமைய வேண்டும். கெஹல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கீழே கூடிக் களனி கங்கையாகின்றன. அக்கங்கையின் நீரை அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்தே கொழும்பு குடிக்கிறது.