ஆல்டோவுக்கு ஸ்பீக்கர் மாட்டிய கதை

போன பிசானத்துல நெல்லு போட்டு, சொசைட்டிக் கடன், உரக்கடை பாக்கி, அறுப்பு மிஷின் கூலி எல்லாம் கழிச்சபிறகு கையில நின்ன காசுல அஞ்சாயிரம் ரூபாயை ஒரு கவர்ல போட்டுத் தனியா வச்சேன். கவர் மேல "வண்டி" என்று எழுதியதைப் பார்த்துட்டு வீட்ல கேட்டா, "டயரா?" "இல்ல, ஸ்பீக்கர்." அதுக்கு அவ பார்த்த பார்வையை இங்க எழுதத் தெரியல.

எங்க வண்டி 2009 மாடல் ஆல்டோ. மூணு சிலிண்டர், 796 சிசி. இரண்டாம் கையா வாங்கினது. விதைநெல், அப்பள மாவு, சில நேரம் ஆட்டுக்குட்டி, எல்லாம் அதுலதான். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்பாவைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் அதுலதான். கல்லிடைக்குறிச்சியில இருந்து வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை வழியா ஏறக்குறைய 35 கிலோமீட்டர். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

அப்பாவுக்கு இப்ப எழுபத்தெட்டு. காது கொஞ்சம் மந்தம். மிஷின் வாங்கிக் கொடுத்தோம், "உள்ள வண்டு பறக்க மாதிரி இருக்கு" என்று கழட்டி டப்பாவுல போட்டுட்டாங்க. வண்டியில ஏறினா ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கிட்டே வருவாங்க. பேச மாட்டாங்க. பேசினாலும் எஞ்சின் சத்தத்துல நான் சொல்ற பதில் அவங்களுக்கு விழாது, ரெண்டு தடவை "என்ன?" என்று கேட்டுட்டு விட்டுருவாங்க. பாட்டாவது கேட்கட்டுமே என்று பென்டிரைவ்ல நாதஸ்வரம் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "ஏல, பாட்டு கேக்கு. ஆனா எங்க இருந்து வருதுன்னும் தெரியல, என்ன வாசிக்கான்னும் வெளங்கல. நிறுத்திரு" என்றாங்க.

இது சாதாரண ஆள் சொன்ன வார்த்தை இல்லை. எங்க அப்பா இளவயசுல ஒரு ரேடியோ செட்காரர்கிட்ட வேலை பார்த்தவங்க. எங்க பக்கம் மைக் செட்டை 'ரேடியோ செட்' என்றுதான் சொல்லுவோம். அம்மன் கொடை, சுடலை கொடை என்றால் ஆலமரத்துலயோ பனையிலயோ ஏறிக் குழாயைக் கட்டணும். குழாயை எந்தத் திசைக்குத் திருப்பினா எந்த ஊருக்குக் கேட்கும் என்பது அப்பாவுக்கு மனப்பாடம். வில்லுப்பாட்டுக்காரர் சொல்ற ஒவ்வொரு சொல்லும் ஆத்துக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம் வரைக்கும் போகும் என்று சொல்லுவாங்க. கொஞ்சம் கூட்டிச் சொல்றாங்க என்று வச்சுக்கிட்டாலும், முழுப் பொய் கிடையாது. அந்தக் கூம்பு கொஞ்ச வாட்லயே பெருஞ்சத்தம் கொடுக்கக்கூடியது. அடித்தொண்டை சத்தம் அதுல வராது, ரொம்ப மேல் சத்தமும் வராது. மனுஷக் குரலும் நாதஸ்வரமும் இருக்கிற அந்த நடுப்பகுதி மட்டும் கத்தி மாதிரி வரும். அப்பாவோட காது அதுல பழகினது.

முதல்ல திருநெல்வேலியில ஒரு கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். தம்பி ஒருத்தர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துட்டு, "அண்ணாச்சி, பெரிய ஸ்கிரீன் ஒண்ணு, ஆம்ப் ஒண்ணு, டிக்கியில பேஸ் டியூப் ஒண்ணு. பதினெட்டாயிரத்துல முடிச்சிரலாம்" என்றார். கடையில மாட்டி வச்சிருந்த டியூப்பைப் போட்டுக் காட்டினார். என் நெஞ்செலும்பு ஆடிச்சு. அப்பா வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தவங்க எழுந்து இன்னும் தள்ளிப் போய் உட்கார்ந்தாங்க. அங்கேயே முடிவாயிருச்சு.

கல்லிடையில வயரிங் வேலை பார்க்கிற பழைய பழக்கம் ஒருத்தர் உண்டு. மோட்டார் கட்டறது, டிராக்டர் லைட், டைனமோ எல்லாம் அவர்தான். அவர்கிட்ட போனேன். ஸ்டீரியோவை மாத்தணுமா என்று கேட்டதுக்குச் சிரிச்சார். "டப்பா மேல 50 வாட் இன்டு 4 என்று எழுதியிருக்கும் அண்ணாச்சி. பேட்டரியில இருக்கது 12 வோல்ட்டு, வண்டி ஓடும்போது 14 சில்லறை. அதுல இருந்து ஒரு ஸ்பீக்கருக்கு இருபது வாட் வந்தா பெரிசு. புதுசு வாங்கினாலும் அதே கதைதான்." பிறகு நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு. இன்னொரு விஷயமும் அவர்தான் சொன்னார்: வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆகாது, 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம் கூடினாப்புல இருக்கும். அதே 3 டெசிபலை, ஒரு வாட்டுக்குக் கூடச் சத்தம் கொடுக்கிற ஸ்பீக்கரைத் தேடி வாங்கினாலே எடுத்துரலாம். அட்டைப்பெட்டியில 'சென்சிடிவிட்டி' என்று போட்டிருக்கும். 89-ஐ விட்டுட்டு 92 இருக்கிறதை எடுக்கணும். பெரிய எழுத்துல போட்டிருக்கிற 'மேக்ஸ் 250 வாட்'டைப் பார்க்கவே கூடாது. குழாய் ரேடியோவோட ரகசியமும் இதுதானே என்று எனக்கு அப்பதான் ஓடிச்சு.

கதவு அட்டையைக் கழட்டினோம். பழைய ஓனர் மாட்டின நாலு அங்குல ஸ்பீக்கர். வலது பக்கம் காகிதக் கூம்பு ஓரத்துல கிழிஞ்சு கிடக்கு. பின்னாடி தட்டுல ரெண்டு ஓவல் ஸ்பீக்கர், மெல்லிசான அட்டைப் பலகையில மாட்டினது. அது பாடுறதைவிடப் பலகை அதிர்றதுதான் கூட. "ஓவலை எடுத்துருவோம். பாட்டு முன்னாடி இருந்து வரணும், முதுகுக்குப் பின்னாடி இருந்து வந்தா வயசானவங்களுக்கு எப்படி வெளங்கும்?" என்றார். சரி என்றேன்.

அதுக்கு அப்புறம் அவர் பண்ணினதுதான் எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடிச்சது. சுவர்க் கடிகாரத்துல போடுற 1.5 வோல்ட் பேட்டரி ஒண்ணை எடுத்தார். ஸ்டீரியோவுல இருந்து வயரைக் கழட்டிட்டு, ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு வயரையும் பேட்டரியில ஒரு நொடி தொட்டார். பிளஸ்ல பிளஸ், மைனஸ்ல மைனஸ். இடது கதவு ஸ்பீக்கர் 'டப்' என்று வெளிய தள்ளிச்சு. வலது பக்கம் அதே மாதிரி தொட்டா உள்ள இழுத்துச்சு. "பாத்தியளா, ஒரு பக்கம் மாத்திக் கொடுத்திருக்கான்." ஒரு ஸ்பீக்கர் காத்தைத் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கு. கனமான சத்தம் ஒண்ணை ஒண்ணு தின்னுரும், மிச்சச் சத்தம் வண்டிக்குள்ள எங்கேயோ மிதக்கும். எங்க இருந்து வருதுன்னு தெரியல என்று அப்பா சொன்னதுக்கு இதுதான் காரணம். அஞ்சு வருஷமா அந்த வண்டியை ஓட்டுறேன், எனக்குத் தெரியல. காது மந்தமான மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க வண்டியிலயும் ஒருதடவை பார்த்துக்கிடுங்க, செலவே கிடையாது.

புது ஸ்பீக்கர் அஞ்சேகால் அங்குலம், ஒரு ஜோடி 1900 ரூபாய். அந்த ஓட்டையில நேரா உட்காராது. தகட்டை வெட்ட எனக்கு மனசில்லை. அப்படியே உட்கார்ந்தாலும் காந்தம் பின்னாடி நீட்டிக்கிட்டு, கண்ணாடியை இறக்கும்போது இடிக்கும். அதனால ஒரு வளையம் வேணும். கடையில விக்கிற வளையம் எம்டிஎஃப் பலகை. கதவுக்குள்ள மழைத்தண்ணி இறங்கும், அது பிஸ்கட் மாதிரி ஊதிரும். வீட்ல பழைய வேப்பமரக் கதவு உடைசல் கிடந்தது. ஆசாரிகிட்டக் கொடுத்தேன். முக்கால் அங்குலக் கனத்துல ரெண்டு வளையம் அறுத்து, பெயின்ட் அடிச்சுக் கொடுத்தார். நூறு ரூபாய் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று சொல்லிட்டு வாங்கிக்கிட்டார்.

அடுத்து கதவு. சின்ன வண்டியோட கதவு வெறும் தகரம், தட்டினா எண்ணெய் டின் மாதிரி சத்தம் வரும். உள்தகட்டுல கை நுழையிற மாதிரி பெரிய பெரிய ஓட்டை. ஸ்பீக்கர் முன்னாடி தள்ளுற காத்தும் பின்னாடி தள்ளுற காத்தும் அந்த ஓட்டை வழியா ஒண்ணாச் சேர்ந்து அடங்கிப் போகும். வயலுக்கு வரப்பு இல்லாத மாதிரிதான். இதுக்கென்றே ஷீட் விக்காங்க, விலை எட்டாது. கூரை ஒழுகினா ஒட்டுவோம்லா, மேல அலுமினியமும் அடியில ரப்பர் பசையும் உள்ள பியூட்டைல் டேப், அதுல ஒரு ரோல் வாங்கினேன். தார் ஷீட் இன்னும் மலிவு. ஆனா எங்க ஊர் சித்திரை வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள அது இளகி வழியும், நாத்தமும் அடிக்கும். வெளித்தகட்டோட உட்பக்கம் நடுவுல ஒட்டினோம், உள்தகட்டு ஓட்டைகளை மூடினோம். கம்பெனி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமத் திரும்பவும் ஒட்டினோம், ஈரம் அட்டைக்கு வராம இருக்க. இப்ப கதவைச் சாத்தினா 'தடால்' இல்லை, 'டம்'. வீட்ல அதை மட்டும் பாராட்டினா.

ஒரு தப்பும் பண்ணினேன். மிச்சம் இருந்த டேப்பை வீணாக்கக் கூடாதுன்னு, வயரிங்காரர் டீ குடிக்கப் போன நேரத்துல கதவோட அடிப்பக்கம் வரைக்கும் ஒட்டிட்டேன். ஐப்பசி மழையில நாலு நாள் வண்டி வெளிய நின்னுது. அஞ்சாம் நாள் எடுத்தா கதவுக்குள்ள 'சளக் சளக்' என்று சத்தம். கதவு அடியில தண்ணி வடியிறதுக்கு விட்டிருக்கிற சின்ன ஓட்டைகளை அடைச்சிருக்கேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல பொறந்து வளர்ந்தவன், மடையை அடைச்சிட்டுத் தண்ணி நிக்குதேன்னு முழிக்கேன். கம்பியால குத்தித் திறந்துவிட்டதும் ரெண்டு செம்புத் தண்ணி ஊத்திச்சு. நல்லவேளை, வேப்ப வளையத்துக்கு ஒண்ணும் ஆகல.

செலவு: ஸ்பீக்கர் 1900, டேப் 850, தரமான செம்பு வயரும் கனெக்டரும் 350, வளையத்துக்கு 100, வயரிங்காரருக்கு 600. மொத்தம் 3800. ஸ்டீரியோ பழசேதான். அதுல 'லவுட்னெஸ்' என்று ஒரு பட்டன், வாங்கினதுல இருந்து எரிஞ்சுக்கிட்டே இருந்தது. அது அடிச்சத்தத்தையும் உச்சிச்சத்தத்தையும் தூக்கிவிடும், நடுவுல உள்ளது அமுங்கும். அதை அணைச்சேன். பேஸை ரெண்டு புள்ளி குறைச்சேன். வண்டி ஓடும்போது வர்ற எஞ்சின், டயர் சத்தமெல்லாம் அடிச்சத்தம்தான். அதோட போட்டி போடப் பேஸைக் கூட்டினா பேச்சுதான் மூழ்கும். வயசான காது முதல்ல இழக்கிறது மேல் சத்தத்தை. 'ச', 'த', 'ப' மாதிரி எழுத்தெல்லாம் அதை நம்பித்தான் இருக்கு. அதனாலதான் நாம கத்தினாலும் அவங்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் கேட்காது.

முதல் தடவை போட்டுக் காட்டினது ஒரு ஆஸ்பத்திரி நாள்ல. வீரவநல்லூர் வரைக்கும் ஒண்ணும் போடல. அதைத் தாண்டினதும் காருகுறிச்சி அருணாசலம் வாசிச்சதைப் போட்டேன். ஊர் பேரைப் பார்த்துத்தான் போட்டேன், மறைக்க என்ன இருக்கு. 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில ஜானகி பாட்டோட கூடவே வர்ற நாதஸ்வரம் அவரோடதுதான், அது எல்லாருக்கும் தெரியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர். 1964-ல, நாப்பதுகளிலேயே போய்ச் சேர்ந்துட்டார். அப்பாவுக்கு அப்ப பதினெட்டு வயசு.

ரெண்டு நிமிஷம் அப்பா ஒண்ணும் சொல்லல. ஜன்னல்ல இருந்து முகத்தை மட்டும் முன்னாடி திருப்பினாங்க. பிறகு, "தவுலு இந்தப் பக்கம் இருக்கு" என்று டாஷ்போர்டுல ஒரு இடத்தைக் கை காட்டினாங்க. சின்ன வயசுல ஒரு கல்யாண வீட்ல, பந்தலுக்கு வெளிய நின்னு அருணாசலம் வாசிச்சதைக் கேட்டதைச் சொன்னாங்க. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் போகலையாம். இந்த ரோட்டுல இத்தனை வருஷமாப் போறோம், இதை அவங்க சொன்னதே இல்லை. "ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். சாதாரணக் குரல்லதான் கேட்டேன். "நீ எங்கல கேட்ட?" என்றாங்க.

சேரன்மகாதேவி ரயில்வே கேட் பூட்டியிருந்தது. எஞ்சினை அணைச்சதும் வண்டிக்குள்ள நாதஸ்வரம் மட்டும் நின்னுது. அப்பா கையை நீட்டி என் முட்டியில தட்டினாங்க. "சத்தத்தைக் கொஞ்சம் குறைல, காது வலிக்கு."

மிச்சம் 1200 ரூபாய் இன்னும் அந்தக் கவர்லதான் இருக்கு. பின்பக்க நம்பர் பிளேட் மட்டும் தவுல் வரும்போதெல்லாம் கூட ஆடுது, அதுக்கு அடியில ஒரு துண்டு ரப்பர் வைக்கணும். டயரும் பார்க்கணும்.